ஒற்றை ரோட்டுச் சீடியும் சறோ அக்காவின் வானும்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ரோட்டாம். அந்த ரோட்டு எங்கேயும் போகாதாம். வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருமாம். அதில் ஓட மூன்றே மூன்று காராம். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, ஒருவரும் தொடாத வெள்ளை ஒன்று. மற்ற ரோட்டுகளுக்கும் மற்றக் கார்களுக்கும் பூட்டுப் போட்டிருந்ததாம். பூட்டைத் திறக்கிற திறப்பு கொழும்பில் இருந்ததாம்.

இது கதை இல்லை. சண்டைக் காலத்தில் குருக்கள்மடத்தில், கல்முனை ரோட்டுக் கரையில் நான் வேலை செய்த கொம்பியூட்டர் கடையின் நிலவரம். ஜெயம் மாமா டைப்பிங் வகுப்பு என்று போர்டு போட்டுத்தான் கடையைத் தொடங்கினார். டைப்பிங் படிக்க ஒருவரும் வரவில்லை. ஏதோ ஒரு கொம்பியூட்டர் சஞ்சிகையோடு சும்மா வந்த சீடி ஒன்றில் கார் ஓட்டம் இருந்தது. அதற்குத்தான் ஆள் வந்தது. மாமாவின் மச்சான் கட்டாரில் இருந்து ஒரு ஸ்டியரிங்கும் இரண்டு பெடலும் கொண்டுவந்து தந்தார். அதோடு கடை களைகட்டியது. ஆனால் அது ஆசை காட்டுவதற்காக வந்த சீடி. முழுச் சீடியை வாங்கினால்தான் மற்றப் பூட்டுகள் திறக்கும். கொழும்புக்குப் போய் வாங்கலாம் என்றால் ரோட்டு இன்றைக்குத் திறப்பு, நாளைக்குப் பூட்டு. சென்றியில் நிற்கிற ஆமிக்காரருக்கு சீடிக்குள் இருப்பது கார்தான் என்று விளக்கி முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

கேம் கடை வைத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்தத் தொழிலில் கரண்ட் போனால் சமாளிக்கலாம், வந்தவனுக்கு அலுப்பு வந்தால் சமாளிக்க முடியாது. அதனால் இருந்த ஒற்றை ரோட்டையே பிழிந்து சாறெடுத்தோம். அந்த ரோட்டில், ஒருவரும் தொடாத அந்த வெள்ளைக் காரில்தான் சறோ அக்கா வாகனம் ஓடப் பழகினார். அவர் பழகினால், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுகிற அவர்களுடைய வான் வீட்டில் நிற்கும். பழகாவிட்டால் போய்விடும். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கல்முனைக்கு ஒரு சுற்று

முதலில் அலுத்தவன் குணம். ஏ.எல். சோதனைக்குப் படிக்கிறவன், அல்லது படிக்கிறான் என்று வீட்டில் நம்பப்பட்டவன். சிவப்புக் காரைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடுவான், ஓரிடத்திலும் முட்டமாட்டான். "புது ரோட்டு வந்தாச் சொல்லு மச்சான், அதுக்குப் புறகு வாறன்" என்று எழும்பினான். என் குரல் ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலே எழும்பாது. அவன் காதுக்குக் கிட்டப் போய், "இது புது ரோட்டுத்தான். இவ்வளவு நாளும் பேர் தெரியாம ஓடினாய்" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்த பொய்தான். ஆனால் சொன்ன பிறகு பேர் வைக்கத்தானே வேண்டும்? தொடங்குகிற இடம் ஆரையம்பதி. முதல் வளைவு கிரான்குளம். மரம் நிற்கிற வளைவு நம்முடைய குருக்கள்மடம். பிறகு களுதாவளை, கல்லாற்றுப் பாலம். சுற்றி வந்து முடிகிறபோது அதே கோடு கல்முனை. அன்றைக்கே குணம் கல்லாற்றுப் பாலத்தில் ஒரு பஸ்ஸை முந்தியதாகச் சொல்லிக்கொண்டு போனான். அந்த சீடியில் பஸ்ஸே கிடையாது.

மறுகா இன்னொன்று கண்டுபிடித்தோம். காரைத் திருப்பி எதிர்ப்பக்கமாக ஓடினால் அதே ரோட்டு வேறு ரோட்டாகிவிடும். வளைவெல்லாம் புதிதாக வரும். 'பிழையான பக்கம்' என்று திரையில் சிவப்பு எழுத்து இங்கிலீசில் கத்தும். கத்தட்டும் என்று விட்டுவிட்டோம். இப்போது கல்முனையில் இருந்து ஆரையம்பதிக்குத் திரும்பி வரவும் ரோட்டு கிடைத்துவிட்டது.

காத்தான்குடியில் இருந்து இடுப்பில் உடுக்கிற சாரம் ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் போகிற முஸ்தபா காக்கா, ரோட்டுப் பூட்டினால் லொறியை எங்கள் கடைக்கு முன்னால்தான் விடுவார். ஒருநாள் களுவாஞ்சிக்குடிக்கு அங்கால் விடவில்லை. விடியத் தொடக்கம் லொறிக்குள் இருந்து களைத்துப்போய், கடைக்குள் வந்து நீலக் காரில் குந்தினார். ஊர் ஊராகப் பேர் சொல்லிக்கொண்டு, ஆடு மாடு குறுக்கே வரும் என்று பார்த்துப் பார்த்து ஓடினார். கோட்டைத் தாண்டியதும் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், கல்முனை வந்திட்டன். தம்பி, சாரத்தை இறக்கு!"

தையல் கால்

சறோ அக்கா பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவர். அவருடைய புருசன் தேவன் அண்ணன், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுகிற வான் ஓடினவர். ஷெல் விழுந்ததில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வான் பலாமரத்தடியில் நின்றது. பின் சீற்றில் கோழி முட்டை இட்டது. தேவன் அண்ணனின் தம்பி வாழைச்சேனையில் இருந்து வந்து, "நிக்கிற வானை நான் கொண்டுபோய் ஓடுறன் அண்ணன்" என்று கேட்டார். கொண்டுபோனால் வான் திரும்பாது என்பது கோழிக்கும் தெரியும். அக்கா நடுவில் புகுந்து, "நான் ஓடுறன்" என்றாராம். தேவன் அண்ணன் யோசித்துப்போட்டு ஒரு கெடு வைத்தார். பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னால் அக்கா லைசன் எடுத்தால் வான் அவர்களுக்கு. இல்லையென்றால் தம்பி கொண்டு போகட்டும்.

வானில் பழக டீசல் இல்லை. மட்டக்களப்பு டவுனில் இருந்து வாகனம் ஓடப் பழக்குகிற லேர்னர்ஸ் காரர், ரோட்டுப் பூட்டினால் வரமாட்டார். அதனால் அக்கா பொடியன்கள் வராத மத்தியான நேரம் பார்த்து எங்கள் கடைக்கு வந்தார். சிவப்பும் நீலமும் வேண்டாம், "ஆறுதலா ஓடுறது எது?" என்று கேட்டார். வெள்ளைக் காரைக் காட்டினேன். குந்தி, காலை அக்சிலேட்டரில் வைத்தார். கார் புறப்பட்டு நின்றது. மறுபடி புறப்பட்டு, மறுபடி நின்றது. வாய்க்கால் கரையில் கொக்கு நடக்கிற மாதிரிப் போனது. எனக்கு முதலில் பிடிபடவில்லை. குனிந்து பார்த்தால், அக்காவின் பாதம் குதியும் விரலுமாக மாறி மாறி ஆடுகிறது. வருசக்கணக்காகத் தையல் மிசின் மிதித்த கால். பெடல் என்றால் ஆட்டத்தான் வேண்டும் என்று அதுவாகவே முடிவு செய்துவிட்டது.

அன்றைக்குப் பார்த்துக் குணம் வகுப்பைக் கட்டடித்துவிட்டு வெள்ளென வந்து பின்னால் நின்றான். "அக்கா, காரை ஓட்டுறீங்களா, தைக்கிறீங்களா?" என்றான். அக்கா திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டுக்கும் கோடு பிசகாமப் போகணும் தம்பி. நீ நூல் மாதிரிக் குறுக்க நிக்காம அங்கால போ."

குடிசைக்கு முன்னால

அந்த ரோட்டில் கல்லாற்றுப் பாலத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் குடிசை. பக்கத்தில் கொடி பிடித்துக்கொண்டு ஒரு ஆள். ஓட்டப் போட்டிகளில் அப்படி நிற்பார்களாம். எங்கள் ஊரில் அதை யார் நம்புவது? கடைக்கு வந்த ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அந்த இடத்தில் தாங்களாகவே வேகத்தைக் குறைப்பார்கள். குணம்கூட அங்கே வந்தால் கதையை நிறுத்திவிடுவான்.

சீடியில் பூட்டாத பக்கங்கள் சில இருந்தன. ஒருவரும் திறந்து பார்க்காத பக்கங்கள். ஒன்றைத் திறந்தால் மழை பெய்யும். இன்னொன்றைத் திறந்தால் ரோட்டு இருட்டாகி, காருக்கு லைற் வரும். இருட்டு ரோட்டை முதலில் முஸ்தபா காக்காவுக்குத்தான் போட்டுக் கொடுத்தேன். குடிசையைக் கண்டதும் காக்கா லைற்றை அணைத்தார். காரை ஊர விட்டார். பிறகு சுத்தமாக நிற்பாட்டினார். ஸ்டியரிங்கில் இருந்து இரண்டு கையையும் எடுத்து, உள்ளங்கை தெரிய மேசையில் வைத்தார். பின்னால் வந்த கொம்பியூட்டர் கார்களுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. ஒன்றன் பின் ஒன்றாக வந்து முட்டின.

"காக்கா, விளையாட்டில ஆமி இல்ல" என்றேன்.

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். குடிசைக்குள்ள இரிக்கிறவனுக்கு ஆரு சொல்லுற?"

கை கிளச்

மத்தியானத்தில் மனிசி எங்கே போகிறார் என்று பார்க்க, ஒருநாள் தேவன் அண்ணன் ஊன்றுகோலோடு வந்துவிட்டார். அக்கா ஒரு சுற்றை முட்டாமல் முடித்துக் காட்டினார். அண்ணன் சந்தோசப்படுவார் என்று நினைத்தோம். அவர் மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்தார். "ரெண்டு பெடல்தான் இரிக்கி. கிளச் எங்க? கியர் தன்ட பாட்டில மாறினா அது வாகனமா? எங்கட வானுக்கு முன்னால இந்தக் கூத்தைச் சொல்லாதீங்க, அது சிரிக்கும்." அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கிற நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது.

டிக்சனரியும் கையுமாகக் குந்தி, அந்தத் திறக்காத பக்கங்களை எழுத்துக் கூட்டி வாசித்தேன். கிளச் இருந்தது. ஆனால் காலுக்கு இல்லை, கீபோர்டில் ஒரு பொத்தானுக்கு. அக்காவின் ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை ஸ்டியரிங்கோடு ஒட்டியிருந்த கியர்ப் பிடியில். பொத்தானை எந்தக் கையால் அமத்துவது? தேவன் அண்ணன்தான் வழி சொன்னார். அக்காவின் இடது காலுக்கு ஒரு செங்கல்லை வைத்து, அதன் மேல் பழைய செருப்பை விரித்தோம். அண்ணன் அக்காவுக்கு இடப்பக்கத்தில், கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு குந்தினார். அக்கா செங்கல்லை மிதித்தால் அண்ணன் பொத்தானை அமத்துவார். கால் எழும்பினால் விரல் எழும்பும். பாதிக் கிளச் என்றால் விரலால் தட்டித் தட்டி விடுவார். கியர் மாற்ற முதல் அக்கா இடப்பக்கம் ஒருதரம் திரும்பி, விரல் தயாரா என்று பார்த்துக்கொள்வார். அப்படியே பழகிவிட்டது. கொஞ்ச நாளில் அந்தக் காலும் அந்த விரலும் ஒரே உடம்பில் இருக்கிற மாதிரி வேலை செய்தன. தையல் ஆட்டமும் நின்றுவிட்டது.

எல்லா நாளும் அப்படி இல்லை. வாழைச்சேனைத் தம்பியைப் பற்றி வீட்டில் கதை தடித்த ஒருநாள், இரண்டு பேரும் பேசாமல் வந்து குந்தினார்கள். பாலத்துக்கு நடுவில் அக்கா மூன்றாம் கியருக்குப் போனார். கறமுற என்று சத்தம் வந்து கார் நின்றது. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்க, கிளச்!"

"மிதிச்சியா?"

"மிதிச்சன்!"

"நான் காணல்ல."

பின்னால் வந்த கார் முட்டியது. அதற்குப் பின்னால் வந்ததும் முட்டியது. கடையில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கோவிக்காத கிளச் ஒண்டு அந்தச் சீடியில இல்லையா?"

ஹெலி

திறக்காத பக்கங்களில் கடைசியாகத் திறந்தது, ஓடி முடித்த ஓட்டத்தைத் திரும்பப் பார்க்கிற பக்கம். பக்கவாட்டில் இருந்து பார்க்கலாம், பின்னால் இருந்து பார்க்கலாம், மேலே இருந்தும் பார்க்கலாம். அக்கா வளைவில் எங்கே பிழை விடுகிறார் என்று மேலே இருந்து பார்ப்பது நல்லது என்று நினைத்தேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் கூட்டி வைத்தேன். மேலே இருந்து பார்க்கிற கமெரா ஒரு ஹெலிகொப்டரில் இருக்கிறது என்பதும், ஹெலிக்குச் சத்தமும் போட்டிருக்கிறார்கள் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

டப டப டப என்று ஒரு சத்தம்தான். திரும்பிப் பார்க்கிறேன், கடையில் ஒருவரும் இல்லை. சறோ அக்கா தேவன் அண்ணனை அவர் இருந்த கதிரையோடு சரித்து மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஜெயம் மாமா கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். ரோட்டில் போன சைக்கிள் வேலிக்குள் கிடந்தது. நான் ஓடிப்போய்ச் சத்தத்தை நிற்பாட்டியதும் ஒவ்வொருவராக எழும்பி, வெறும் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

ஆனால் பலன் இல்லாமல் போகவில்லை. சத்தத்தை நிற்பாட்டி மறுகா போட்டுப் பார்த்ததில், அக்கா ஒவ்வொரு வளைவிலும் எதிர்ப்பக்கத்துக்கு ஏறுவது பளிச்சென்று தெரிந்தது. எதிரே வாகனம் வராத ரோட்டில் ஓடிப் பழகியதால் வந்த பழக்கம். அன்று தொடக்கம் இடப்பக்கக் கரையைப் பிடித்து ஓடப் பழக்கினோம். ஹெலிச் சத்தத்தை நிற்பாட்டிய கொஞ்சத்தில் எதிர்த் தேத்தண்ணிக்கடை அண்ணன் உள்ளே வந்தார். அவர் ஷெல்லுக்கு ஒளிய வெட்டின பங்கருக்குள் இறங்கி ஏறி வந்திருந்தார், முழங்கால் எல்லாம் மண். கையில் இன்னும் எண்ணெய்க் கரண்டி. ஏசப் போகிறார் என்று நினைத்தேன்.

"மறுகா ஹெலி காட்டுறதெண்டா முதல்ல ஒரு சொல்லுச் சொல்லு மனே. நான் வடையை இறக்கிப்போட்டு ஓடுவன்."

அடித்தாங்கியில் கொஞ்சம்

காருக்கு எவ்வளவு பெற்றோல் விடலாம் என்பதையும் அந்த சீடியில் கூட்டலாம், குறைக்கலாம். எல்லோரும் நிரப்பித்தான் ஓடினார்கள். நிரப்பி ஓடுகிற சுகம் வேறு எங்கே கிடைக்கும்? குணத்துக்கு மறுபடி அலுப்பு வந்த நாளில் அதைக் குறைத்தேன். பெற்றோல் தாங்கியின் அடியில் கொஞ்சம் மட்டும். வேகம் முக்கியம் இல்லை, யார் கூடத் தூரம் போகிறார்களோ அவருக்கு வெற்றி. அந்தப் போட்டிக்கு ஊரே திரண்டது. வரிசையில் நின்று போத்தலில் எண்ணெய் வாங்கிய சனம். எண்ணெய் மிச்சம் பிடிக்கிற வித்தையில் ஒவ்வொருவரும் ஒரு வாத்தியார்.

குணம் சிவப்புக் காரில் பாய்ந்து போய்க் கிரான்குளத்தில் நின்றான். முஸ்தபா காக்கா இறக்கத்தில் கியரை விட்டு உருட்டி, நீலக் காரைக் களுதாவளை வரை கொண்டுபோனார். ஆள் ஆளாக ஓடிக் கடைசியாகச் சறோ அக்கா வெள்ளைக் காரில் ஏறினார். இடப்பக்கத்தில் தேவன் அண்ணனின் விரல். வளைவுக்கு முதலே காலை எடுத்து, பிரேக்கைத் தொடாமல், பெரிய கியரில் சின்ன மூச்சோடு கல்லாற்றுப் பாலத்தையும் தாண்டினார். கல்முனைக் கோட்டுக்குக் கொஞ்சம் இங்கால், ரோட்டுக் கரையில் மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நிற்பாட்டினார். அந்த வெள்ளைக் கார் எதற்காக சீடியில் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

முஸ்தபா காக்கா வெளியே போனார். லொறியின் சீற்றுக்குப் பின்னால் இருந்து ஒரு கான் டீசலோடு திரும்பி வந்தார். அவருடைய லொறிக்கு பெமிற்றுச் சீட்டைக் காட்டினால் அளந்து கிடைக்கிற டீசல். அதில் ஒரு சொட்டை அவர் வீட்டுக்காரர்கூடத் தொட முடியாது என்று ஊரில் கதை. கானை அக்காவின் செங்கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எடுங்க தங்கச்சி. குணத்துக்குக் குடுத்தா கிரான்குளத்தில முடிச்சுப்போடுவான்."

வயர் கழண்ட கிளச்

கோயில் வீதியில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வானை இறக்கினோம். கோழியைத்தான் இறக்க முடியவில்லை. அது பின் சீற்றில் அடை கிடந்தது. தேவன் அண்ணன் இடப்பக்கத்தில் இருக்க, அக்கா ஏறிக் குந்தி, சாமியைக் கும்பிட்டு, கிளச்சை மிதித்து, இடப்பக்கம் பார்த்து, கியரைப் போட்டார். வான் ஒரு உதறல் இல்லாமல் புறப்பட்டது. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். கைதட்டு முடிய முதல் வான் நேரே கோயில் தேர் நிற்கிற தேர் முட்டியை நோக்கிப் போனது. கடையில் இருந்த ஸ்டியரிங்குக்குக் கொஞ்சம் திருப்பினால் போதும். வானின் ஸ்டியரிங்கைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். அதை நான் யோசிக்கவே இல்லை. "கிறுகு கா! இன்னும் கிறுகு! இன்னும்!" என்று தேவன் அண்ணன் கத்தின சத்தத்தில் கோழி ஜன்னலால் பறந்தது. வான் தேர் முட்டிக்கு ஒரு சாண் இங்கால் நின்றது.

இரண்டாம் சுற்று நன்றாகப் போனது. மூன்றாம் சுற்றுக்குக் குணமும் நானும் பின்னால் ஏறினோம், அப்போது நான் ஒன்றைக் கவனித்தேன். அக்கா கிளச்சை மிதிக்கிற ஒவ்வொரு முறையும், பக்கத்தில் இருந்த தேவன் அண்ணனின் விரல் முன்னால் இருந்த தட்டை அமத்துகிறது. அங்கே பொத்தான் ஒன்றும் இல்லை. அவருக்கே அது தெரியவில்லை. குணமும் அதைக் கண்டுவிட்டான், வாயை மூட அவனால் முடியவில்லை.

"அண்ணன், உங்கட கிளச்சில வயர் கழண்டு கிடக்கு!"

இடப்பக்கம்

லைசனுக்கு ஓடிக் காட்டுகிற ட்ரயல் நாளில் ரோட்டுத் திறந்திருந்தது. அதுவே பாதி அதிர்ஷ்டம். அக்கா ஓட, தேவன் அண்ணன் பக்கத்தில் இருக்க, நான் பின் சீற்றில் கோழி இருந்த இடத்தில் இருந்து டவுனுக்குப் போனோம். பள்ளிக்கூடம் திறக்க முதல் வருகிற கடைசி ட்ரயல் அது. இதில் தவறினால் வான் வாழைச்சேனைக்கு.

எங்களுக்கு முன்னால் ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். ட்ரயல் எடுக்கிற ஐயா சிரிக்கிற ஆள் இல்லை. தேவன் அண்ணனை இறங்கச் சொல்லிவிட்டு, அவருடைய இடத்தில் தான் ஏறிக் குந்தினார். அண்ணனும் நானும் மரத்தடியில் நின்று பார்த்தோம். வான் புறப்படவில்லை. அக்கா தலையைத் திருப்பி இடப்பக்கம் பார்த்தார். பிறகு புறப்பட்டது. இரண்டாம் கியருக்கு முதல் மறுபடி இடப்பக்கம் பார்த்தார். மூன்றாம் கியருக்கு முதலும் பார்த்தார். "என்னைத் தேடுறா" என்று தேவன் அண்ணன் மெல்லச் சொன்னார். அவருடைய விரல் ஊன்றுகோலின் பிடியை அமத்திக்கொண்டிருந்தது.

வான் சந்தியில் திரும்பி, கொஞ்ச நேரம் கண்ணில் படாமல் இருந்து, திரும்பி வந்து, கோட்டுக்குள் பின்பக்கமாக ஏறி நின்றது. ஐயா இறங்கினார். எதையோ எழுதினார். பாஸ் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"கியர் மாத்த முதல் ஒவ்வொரு தரமும் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்த ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன். ஆரம்மா உங்களுக்குப் பழக்கினது?"

கடைசி ஆள்

பள்ளிக்கூடம் திறந்தது. வானும் ஓடியது. வாழைச்சேனைத் தம்பி வானை எடுக்க வந்தவர், அந்த வானிலேயே ஏறி பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போனார். ஏறும்போது தலையை இடித்துக்கொண்டார் என்று கேள்வி. காலையில் சின்னப் பிள்ளைகள், பின்னேரம் டவுனில் ரியூசனுக்குப் போகிற ஏ.எல். பொடியன்கள் என்று சறோ அக்காவுக்கு இரண்டு நேர ஓட்டம். ஊன்றுகோலைச் சீற்றுக்கு இடையில் செருகிவிட்டு, தேவன் அண்ணனும் முன்னால் குந்திப் போவார். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, அதட்டுவது எல்லாம் அவர் பாடு. ரோட்டுத் திறந்து கிடந்ததால் முஸ்தபா காக்காவின் லொறி எங்கள் கடைக்கு முன்னால் நிற்கவில்லை. ஹோர்ன் மட்டும் அடித்துக்கொண்டு, உண்மையான கல்முனைக்குப் போனது.

அந்த நேரம் பார்த்து டவுனில் ஒரு கேம் கடை திறந்தார்கள். முழுச் சீடியாம். எல்லா ரோட்டும் திறந்து கிடக்கிறதாம். மூன்று பெடலாம். ரியூசனுக்குப் போன பொடியன்கள் வந்து சொன்னார்கள். சொன்னவர்கள் பிறகு சொல்லவும் வரவில்லை. ஒருநாள் பின்னேரம் குணம் மட்டும் வந்தான். சிவப்புக் காரை எடுத்து, கிரான்குளம், குருக்கள்மடம், களுதாவளை என்று பேர் சொல்லிக்கொண்டு ஓடினான். பாலத்துக்குக் கிட்ட வரும்போது வெளியே வான் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. எட்டிப் பார்த்தேன். சறோ அக்கா ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, "குணம்! ரியூசனுக்குப் பிந்துது, வாறியா இல்லையா?" என்று கூப்பிட்டார். என்னைக் கண்டதும் ஒரு சிரிப்புச் சிரித்தார். இனி வெயிலிலும் மழையிலும் அவருக்கு ஓட்டம்தான், நின்று கதைக்க நேரம் இல்லை என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குணம் ஓடின காரைப் பாலத்தில் அப்படியே விட்டுவிட்டு எழும்பினான். வாசலில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.

"கோவிக்காத மச்சான். டவுன் கடை ரோட்டுக்குப் பேர் இல்ல, போய் வைக்கணும்."

அவன் போய் ஏறினான், வான் போனது, நான் ஜெனரேற்றரை நிற்பாட்டினேன்.

ஆகவே, கேம் கடை வைக்கப் போகிறவர்களே, வருகிறவர்களுக்கு என்ன வேண்டுமானாலும் பழக்குங்கள், வான் ஓட மட்டும் பழக்காதீர்கள்.